எலியில் வளரும் நோயாளியின் கட்டி: பிடிஎக்ஸ் பற்றி ஓர் அறிமுகம்

ஆய்வகத்தில் அசத்திய புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை மனிதர்களிடம் வந்ததும் சோர்ந்துவிடுகின்றன. மனிதச் சோதனையின் முதல் கட்டத்துக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி வாங்கி நோயாளியின் கைக்கு வருகிறது. இதற்குக் காரணங்கள் பல. மனிதருக்குக் கொடுக்கும் முன்பு அந்த மருந்தை எதன்மேல் சோதித்துப் பார்த்தோம் என்பது அவற்றில் ஒன்று.

பல பத்தாண்டுகளாக அதற்குப் பயன்பட்டவை செல் லைன்கள். ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை பிளாஸ்டிக் தட்டில் ஊட்டச்சத்துத் திரவம் ஊற்றி வளர்ப்பார்கள். பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்த சில செல்கள் மட்டும் சலிக்காமல் பெருகும். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து வந்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 செல் லைன்களைத் தொகுத்து, 1980-களின் கடைசியிலிருந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை அவற்றின்மேல் சோதித்தது. அதன் பெயர் என்சிஐ-60.

செல் லைன் மலிவு, வேகம், யார் செய்தாலும் ஏறத்தாழ ஒரே விடை. ஆனால் இத்தனை ஆண்டுகள் தட்டிலேயே வாழ்ந்த செல், தட்டில் வாழ்வதற்கென்றே தேறிவந்த செல். காட்டுக்கோழியைப் பிடித்துவந்து நூறு தலைமுறை கூண்டில் வளர்த்துவிட்டு, அதை வைத்துக் காட்டின் குணத்தைப் படிக்க முடியுமா? நோயாளியின் கட்டியில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல செல் கூட்டங்கள் இருக்கும். செல் லைனில் பெரும்பாலும் ஒரே வகைதான் மிஞ்சும். 2016-இல் அதே தேசியப் புற்றுநோய் நிறுவனம், நோயாளிகளிடமிருந்து நேரே எடுத்து வளர்த்த கட்டி மாதிரிகளின் பக்கம் தன் கவனத்தைத் திருப்புவதாக அறிவித்தது. மேரிலாந்து மாநிலத்தின் ஃப்ரெடெரிக் நகரில் அதற்கென ஒரு களஞ்சியமும் அமைந்தது. என்சிஐ-60 அதனால் அடியோடு ஒழிந்துவிடவில்லை. முதல் சல்லடையாக அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த கட்டியின் ஒரு துண்டை, தட்டில் வைக்காமல் நேராக ஒரு சுண்டெலியின் உடலில் நட்டு வளர்ப்பதுதான் பிடிஎக்ஸ். ஓர் உயிரினத்தின் திசுவை வேறோர் உயிரினத்தில் ஒட்டுவதற்கு ஜீனோகிராஃப்ட் என்று பெயர்; நோயாளியிடமிருந்து வந்த ஜீனோகிராஃப்ட் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பிடிஎக்ஸ். ஒரு எலியில் வளர்ந்ததும் வெட்டி எடுத்து அடுத்த ஐந்து எலிகளில் நடலாம், அதிலிருந்து அடுத்த இருபத்தைந்தில். ஒரு நோயாளியின் கட்டி ஒரு சிறு தோட்டமாகிவிடும்.

எலி ஏன் அதைத் தள்ளிவிடுவதில்லை?

சாதாரண எலிக்குள் மனிதத் திசுவை வைத்தால் அதன் நோய் எதிர்ப்பு மண்டலம் சில நாட்களில் அதை அழித்துவிடும். எனவே எதிர்ப்பு குறைந்த எலி வேண்டும். 1962-இல் கிளாஸ்கோ நகரில் உரோமமே இல்லாத சுண்டெலிகள் தற்செயலாகப் பிறந்தன. அவற்றுக்குத் தைமஸ் சுரப்பியும் இல்லை என்பது 1968-இல் தெரியவந்தது. தைமஸ் இல்லையென்றால் டி செல் முதிராது. டி செல் இல்லையென்றால் அயல் திசுவைத் துரத்த ஆளில்லை. அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில் ரிகார்ட், பௌல்சன் என்ற இருவர் ஒரு மனிதப் பெருங்குடல் கட்டியை இந்த எலியில் வளர்த்துக் காட்டினார்கள். 'நியூட் எலி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நியூட் எலியில் எதிர்ப்பு மண்டலத்தின் மற்ற படைகளான பி செல்லும், இயற்கைக் கொல்லி செல்களும் மிச்சம் உண்டு. பல கட்டிகள் அதில் வேர்விடாமல் போவதற்கு அது ஒரு காரணம். 1983-இல் ஸ்கிட் எலி வந்தது. அதில் டி, பி இரண்டுமே உருவாகாது. 2000-களில் ஜப்பானில் நாக் எலியும், அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் என்எஸ்ஜி எலியும் வந்தன. இவற்றில் கொல்லி செல்களும் இல்லை. புதிய கட்டியை முதன்முதலாக நடும்போது இன்று பலரும் எடுப்பது என்எஸ்ஜி போன்றவற்றைத்தான். ஒருமுறை வேர்விட்டுவிட்டால், அடுத்தடுத்த தலைமுறைகளை விலை குறைந்த நியூட் எலிக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. தோலில் உரோமம் இல்லாததால் நியூட் எலியில் கட்டியை அளப்பதும் சுலபம்.

எதிர்ப்பு குறையக் குறைய எலியைப் பராமரிப்பது கடினமாகும். காற்று வடிகட்டிய கூண்டு, கிருமிநீக்கம் செய்த தீவனம், தண்ணீர், படுக்கைத்தூள் எல்லாம் வேண்டும். கொரைனிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியா ஒரு அறைக்குள் புகுந்துவிட்டால் நியூட் எலிகளின் தோல் செதில் செதிலாகும், எடை குறையும், நடந்துகொண்டிருக்கும் சோதனை கெடும். புதிய கட்டித் துண்டோடு எலி வைரஸ்கள் கூட வரலாம். வெளியிலிருந்து வரும் எந்த மாதிரியையும் பிசிஆர் சோதனை செய்யாமல் அறைக்குள் விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அறுவை அறையிலிருந்து எலி வரை

நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்பே கையில் இருக்க வேண்டும். கட்டி வெளியே வந்ததும் முதல் உரிமை நோய்க்கூறு மருத்துவருக்கு. நோயறிதலுக்கு வேண்டியதை அவர் எடுத்தபின் மிஞ்சியதே ஆய்வுக்கு. ஒரு சென்டிமீட்டர் அளவுத் துண்டு கிடைத்தால் யோகம்; ஊசி பயாப்ஸி என்றால் நூல்போன்ற ஓரிரு துணுக்குகள்தான்.

துண்டு போய்ச் சேர வேண்டிய இடம், ஆன்டிபயாடிக் கலந்த குளிர்ந்த வளர்ப்புத் திரவம். வெப்பநிலை 4 டிகிரி, உறையக்கூடாது. ஓரிரு மணி நேரத்தில் நட்டுவிட்டால் நல்லது. ஒரு நாள் வரை தாமதித்தும் வளர்ந்தவை உண்டு, ஆனால் தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்பு குறையும். புதிதாகத் தொடங்கும் குழுக்களில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: அறுவை அறையில் பழக்கதோஷத்தில் துண்டை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுவது. பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் செல்கள் செத்திருக்கும். குப்பிகளுக்கு வேறு நிற மூடி போட்டு முன்கூட்டியே கொடுத்துவைப்பது இதற்கு எளிய மருந்து. குடல் கட்டியென்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஏற்கெனவே பாக்டீரியாவில் ஊறியது. ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த திரவத்தில் பலமுறை அலசாவிட்டால், எலியின் முதுகில் வளர்வது சீழ்க்கட்டியாகத்தான் இருக்கும்.

ஆய்வகத்தில், பனிக்கட்டிமேல் வைத்த கண்ணாடித் தட்டில் துண்டைக் கிடத்தி, கொழுப்பையும் இரத்தக் கட்டிகளையும் நீக்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் மஞ்சளாக, பிசுபிசுவென்று பாலாடைக்கட்டிபோல் இருக்கும். அது செத்த திசு, நட்டால் வளராது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும் பகுதிதான் உயிருள்ளது. அதை 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக் கனசதுரங்களாக வெட்ட வேண்டும். கூரான இரண்டு கத்திகளை ஒன்றுக்கு எதிராக ஒன்று இழுத்து வெட்டுவார்கள். நசுக்கினால் செல்கள் சிதையும். வெட்டியதில் ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, ஒரு துண்டு மரபணு ஆய்வுக்கு, சில துண்டுகள் உறைநிலைச் சேமிப்புக்கு, மீதி எலிக்கு. முதல் இரண்டையும் ஒதுக்கி வைக்க மறந்தால், பின்னாளில் எலிக் கட்டியை எதோடு ஒப்பிடுவது என்று விழிக்க வேண்டியதுதான்.

துண்டுகளை மேட்ரிஜெல் என்ற பசைபோன்ற புரதக் கலவையில் தோய்ப்பது வழக்கம். அதுவும் ஒரு எலிக் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டதே. குளிரில் திரவமாக இருக்கும், சூடு பட்டால் ஜெல்லியாக இறுகிவிடும். முந்தின இரவே 4 டிகிரியில் உருக வைத்து, பிப்பெட் முனைகளையும் குளிர்வித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறைச்சூட்டில் இருந்த முனையால் உறிஞ்சினால் பாதியிலேயே கட்டிக்கொள்ளும்.

எலிக்கு ஐசோஃப்ளுரேன் வாயுவால் மயக்கம் கொடுத்து, வலிநிவாரணி போட்டு, விலாப்பக்கத் தோலில் அரை சென்டிமீட்டர் கீறல் போடுவார்கள். தோலுக்கடியில் மழுங்கிய கத்தரியால் ஒரு சிறு பை உண்டாக்கி, துண்டை அதன் கடைக்கோடியில் வைப்பார்கள். கீறலுக்கு அருகிலேயே வைத்தால் எலி ஓடியாடும்போது துண்டு வெளியே வந்துவிழும். பிறகு கிளிப் போட்டு மூடவேண்டும். ஒரு நோயாளியின் கட்டிக்கு வழக்கமாக மூன்று முதல் ஐந்து எலிகள். மார்பகக் கட்டியை மார்புக் கொழுப்புத் திட்டிலேயே நடுவது இயற்கைக்கு நெருக்கம். அது அவ்வளவு கடினமும் இல்லை. கணையத்திலோ மூளையிலோ நட்டால் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் கருவி வேண்டும் என்பதால் தோலடி நடவுதான் அன்றாட வழக்கமாக நிலைத்தது.

இனி காத்திருப்பு. முதல் தலைமுறை தலைகாட்ட இரண்டு மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதற்குமேல் தாமதித்து வருபவையும் உண்டு. அடுத்த தலைமுறைகள் வேகம் பிடிக்கும். கட்டி 1,000 கன மில்லிமீட்டரை நெருங்கும்போது எடுத்து அடுத்த எலிகளுக்கு மாற்றுவார்கள். மிச்சத்தைச் சிறு துண்டுகளாக்கி, 90 சதவீதம் சீரமும், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள் 10 சதவீதமும் கலந்த திரவத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். உறையவைத்த துண்டு ஒன்றை எடுத்து உருக்கி, மறுபடி எலியில் வளர்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாத சேமிப்பை நம்பி ஒரு திட்டம் போடுவது, திறந்தே பார்க்காத உண்டியலை நம்பிக் கல்யாணம் பேசுவது மாதிரி.

வளர்ந்தது எது?

பெருங்குடல் கட்டிகளில் பாதிக்கும் மேல் வேர்விடும். மார்பகத்தில், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 பெருக்கமும் இல்லாத மும்மை எதிர்மறை வகை ஓரளவு ஒத்துழைக்கும். ஹார்மோனைச் சார்ந்த வகை அரிதாகத்தான் வளரும். அதற்கு எலியின் தோலடியில் ஈஸ்ட்ரோஜன் வில்லை வைப்பார்கள். அந்த ஈஸ்ட்ரோஜனே எலியின் சிறுநீர்ப்பையில் கல்லையும் அடைப்பையும் உண்டாக்கிப் பாடுபடுத்தும். புரோஸ்டேட் கட்டி எல்லாவற்றிலும் பிடிவாதமானது. பொதுவாகவே, மனிதரிடம் மூர்க்கமாகப் பரவும் கட்டிதான் எலியிலும் சுலபமாக வளர்கிறது. ஆகவே எந்தக் களஞ்சியத்தை எடுத்தாலும் அதில் மூர்க்கமானவையே அதிகம் இருக்கும். சாதுவான கட்டி உள்ள நோயாளிகளைப் பற்றி அந்தக் களஞ்சியம் அதிகம் பேசாது.

இன்னொரு பொறி நுணுக்கமானது. பெரும்பாலான பெரியவர்களின் உடலில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் சத்தமில்லாமல் தங்கியிருக்கும், அதுவும் பி செல்களுக்குள். கட்டித் துண்டோடு அந்த பி செல்கள் சிலவும் எலிக்குள் போகும். மனித உடலில் அவற்றை அடக்கிவைத்த டி செல்கள் என்எஸ்ஜி எலியில் இல்லை. விளைவு: நட்டது நுரையீரல் கட்டி, வளர்ந்தது லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி உருண்டைதான். ஒரு வாரத்தில் விறுவிறுவென்று பெரிதாகும் கட்டியைக் கண்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். திசுவை மெல்லிய சீவலாக்கி, மனித வெள்ளணுக்களின் அடையாளமான சிடி45, பி செல் அடையாளமான சிடி20 ஆகியவற்றுக்குச் சாயமேற்றினால் குட்டு உடைந்துவிடும். சில குழுக்கள் நடும்போதே ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடியைக் கொடுத்து பி செல்களை முன்கூட்டியே ஒழித்துவிடுகின்றன.

எலியின் சொந்தக் கட்டியும் சில சமயம் தலைகாட்டும். ஸ்கிட் வகை எலிகளுக்கு வயதாகும்போது தைமஸ் லிம்ஃபோமா வருவதுண்டு. மனித டிஎன்ஏ எவ்வளவு, எலி டிஎன்ஏ எவ்வளவு என்று அளந்தால் இது பிடிபடும். கூண்டுச் சீட்டு மாறி, ஒருவரின் கட்டி இன்னொருவரின் எண்ணில் போய் உட்கார்வதும் நடக்கும். இதற்கு எஸ்டிஆர் சோதனை இருக்கிறது. தடயவியலில் ஆளை அடையாளம் காணும் அதே டிஎன்ஏ கைரேகை. நோயாளியின் இரத்தத்தோடும் முதல் கட்டியோடும் ஒத்துப்போகிறதா என்று சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

மருந்தைக் கொடுத்து அளப்பது

ஒரு சோதனைக்கு நான்கு குழுக்கள், குழுவுக்கு எட்டு எலிகள் என்றால் 32 எலி போதும் என்று கணக்குப் போடக்கூடாது. எல்லாக் கட்டியும் ஒரே வேகத்தில் வளராது. 45 அல்லது 50 எலிகளில் நட்டு, கட்டி 150 முதல் 250 கன மில்லிமீட்டருக்குள் வந்தவற்றை மட்டும் எடுத்து, சராசரி அளவு எல்லாக் குழுவிலும் ஒன்றாக இருக்கும்படி குலுக்கிப் பிரிக்க வேண்டும். பெரிய கட்டிகள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டால் அந்தச் சோதனை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

அளக்கும் கருவி வெர்னியர் காலிப்பர். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, கட்டியின் நீளத்தையும் அதற்குச் செங்குத்தான அகலத்தையும் அளப்பார்கள். நீளம் × அகலம் × அகலம் ÷ 2. இதுதான் கன அளவு. நீளம் 9 மில்லிமீட்டர், அகலம் 7 என்றால் 220 சொச்சம். அதே கட்டியை இன்னொருவர் அளந்து, அகலத்தை 7.5 என்று படித்தால்? 253. அரை மில்லிமீட்டர் கைத்தவறில் கட்டி 15 சதவீதம் 'வளர்ந்துவிட்டது'. அகலம் இருமுறை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. ஆகவே ஒரு சோதனை முழுவதையும் ஒரே ஆள் அளப்பது நல்லது. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

முடிவைச் சொல்லும் விதத்தில்தான் ஆரம்பநிலை வாசகர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மருந்து பெறாத குழுவின் கட்டி 200-லிருந்து 1,200-க்கு வளர்ந்தது, அதாவது 1,000 கூடியது என்று வைத்துக்கொள்வோம். மருந்து பெற்ற குழு 200-லிருந்து 500, கூடியது 300. வளர்ச்சித் தடை 70 சதவீதம். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. ஆனால் மருந்து வாங்கிய எலியின் கட்டியும் இரண்டரை மடங்கு பெருத்திருக்கிறது. கன அளவு இரண்டரை மடங்கு என்றால் விட்டம் ஏறத்தாழ 36 சதவீதம் கூடியிருக்கும். மனிதச் சோதனையில் விட்டம் 20 சதவீதம் கூடினாலே 'நோய் முற்றுகிறது' என்று எழுதி மருந்தை நிறுத்துவார்கள். எலியில் 70 சதவீத வெற்றி என்று ஆய்வு மாநாட்டுச் சுவரொட்டியில் வருவது, மருத்துவமனையில் தோல்வி என்று பதிவாகும். வளர்ச்சி எவ்வளவு குறைந்தது என்பதைவிட, தொடங்கிய அளவைவிடக் கட்டி சுருங்கியதா என்று கேட்பதே மேல்.

டோஸும் அப்படித்தான். எலி தாங்குகிற அளவு மனிதர் தாங்குகிற அளவைவிடக் கூடுதலாக இருக்கலாம். மனித இரத்தத்தில் ஒருபோதும் எட்ட முடியாத செறிவில் எலிக் கட்டி கரைந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. மறுபக்கமும் உண்டு. ஸ்கிட், என்எஸ்ஜி எலிகளில் எதிர்ப்பு மண்டலத்தை முடக்கிய மரபணுப் பிழை, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையையும் சேர்த்தே முடக்கியிருக்கிறது. டாக்சோரூபிசின் போன்ற டிஎன்ஏவைத் தாக்கும் மருந்தையும் கதிர்வீச்சையும் அவை தாங்காது. நியூட் எலிக்குச் சரியான டோஸை அப்படியே என்எஸ்ஜிக்குக் கொடுத்தால் கட்டிக்கு முன்னால் எலி போய்விடும். உடல் எடையைத் தவறாமல் குறிக்க வேண்டும். தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியைச் சோதனையிலிருந்து விடுவிப்பது பொதுவான எல்லைக்கோடு. கட்டி வரையறுத்த அளவைத் தாண்டினாலும், புண்ணாகி வெடித்தாலும் அப்படியே.

பத்து எலி, ஒரு நோயாளி

இந்தத் துறையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: ஒரே நோயாளியின் கட்டியைப் பத்து எலிகளில் நட்டால் கிடைப்பது பத்து நோயாளிகள் இல்லை. ஒரு நோயாளியை நாம் பத்து முறை கேட்கிறோம், அவ்வளவே. அளவீட்டின் துல்லியம் கூடும். 'இந்த மருந்து எத்தனை பேருக்கு வேலை செய்யும்' என்ற கேள்விக்கு விடை கொஞ்சமும் நெருங்காது. ஆய்வுக் கட்டுரையில் எலிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், எத்தனை நோயாளிகளின் கட்டிகள் என்று தேடிப் படிக்க வேண்டும்.

2015-இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகப் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிடிஎக்ஸ் மாதிரிகளை உருவாக்கி, அவற்றிலிருந்து எடுத்தவற்றில் ஒரு மாதிரிக்கு ஒரு மருந்துக்கு ஒரே ஒரு எலி என்று சோதித்தார்கள். ஒற்றை எலியின் விடையில் பிழை இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கட்டிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, எந்த மரபணு மாற்றம் உள்ளவை எந்த மருந்துக்குப் பணிகின்றன என்பது துலங்கியது. மனிதச் சோதனையின் அமைப்பே எலிகளுக்கு வந்தது என்று சொல்லலாம்.

அதற்கும் முன்னால் இத்தாலியின் டூரின் நகருக்கு அருகே, கண்டியோலோவில் நடந்த வேலை இந்த முறையின் பலத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பெர்டோட்டி, ட்ருசோலினோ குழுவினர் கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளை 85 நோயாளிகளிடமிருந்து எடுத்து எலிகளில் வளர்த்தார்கள். எல்லாவற்றுக்கும், இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பியைத் தடுக்கும் செட்டுக்சிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தால், மனிதர்களிடம் நடப்பதைப் போலவே சிறு பகுதியில் மட்டும் கட்டி சுருங்கியது. கேராஸ் மரபணு கெட்டிருந்தால் இந்த மருந்து பலிக்காது என்பது தெரிந்த கதை. புதிர் என்னவென்றால், கேராஸும் அதன் சுற்றமும் நன்றாக இருந்தும் சில கட்டிகள் அசையவில்லை. அவற்றைத் தோண்டியபோது ஒரு பகுதியில் ஹெர்2 மரபணு பலமடங்கு பெருகியிருந்தது. மார்பகப் புற்றுநோயில் நன்கு அறிமுகமான மரபணு அது. குடலில் யாரும் பெரிதாகத் தேடியதில்லை. ஹெர்2-ஐ மட்டும் தடுத்தபோது பெரிய பலன் இல்லை. ஹெர்2-ஐயும் அதன் கூட்டாளியான இஜிஎஃப்ஆரையும் சேர்த்துத் தடுத்தபோது கட்டிகள் சுருங்கின, சுருங்கியவை நீண்ட நாள் அப்படியே இருந்தன. 2011-இல் இது வெளியானது.

அடுத்து ஹெராக்கிளஸ் என்ற மனிதச் சோதனை. 2012-க்கும் 2015-க்கும் இடையில் 914 நோயாளிகளைச் சலித்ததில் 48 பேரிடம் ஹெர்2 பெருக்கம் இருந்தது. அவர்களில் 27 பேருக்கு, ஹெர்2-ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாபும், ஹெர்2, இஜிஎஃப்ஆர் இரண்டையும் தடுக்கும் லாபாட்டினிபும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 8 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, அந்த எட்டில் ஒருவருக்கு முழுமையாக மறைந்தது. வேறு சிகிச்சைகள் எல்லாம் கைவிட்ட நோயாளிகள் அவர்கள். இருபதில் ஒருவரிடம் மட்டும் இருக்கும் ஒரு பலவீனத்தை ஐந்தாறு செல் லைன்களில் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியுமா? 85 பேரின் கட்டிகள் வரிசையாக நின்றதால்தான் அது கண்ணில் பட்டது.

எலியில் காணாமல் போவது

கட்டி என்பது புற்றுசெல்கள் மட்டுமில்லை. இரத்தக் குழாய், நார்த்திசு, எதிர்ப்பு செல்கள் எல்லாம் சேர்ந்த ஊர் அது. எலியில் நட்டபின் புற்றுசெல்கள் மனிதருடையதாகவே தொடரும். சுற்றியுள்ள ஊர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் முழுக்க எலியுடையதாகிவிடும். இதனால் வரும் சிக்கல்கள் விநோதமானவை. மனிதக் கட்டி செல்லின் மெட் என்ற ஏற்பியைத் தூண்ட வேண்டிய புரதத்தை எலி நார்த்திசு சுரக்கும். ஆனால் எலிச் சாவி மனிதப் பூட்டைச் சரியாகத் திறப்பதில்லை. மெட்டைத் தடுக்கும் மருந்தை அதில் சோதித்து 'பலனில்லை' என்று எழுதினால், அது மருந்தின் குற்றமா, எலியின் குற்றமா? கட்டிக்கு இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் போன்ற ஆன்டிபாடி மனிதப் புரதத்தைத்தான் பிடிக்கும். எலித் திசு சுரக்கும் அதே வகைப் புரதம் நழுவிவிடும். டிராஸ்டுசுமாப் எலியின் சொந்த ஹெர்2-ஐத் தொடாது. ஆகவே பிடிஎக்ஸ் எலி நலமாக ஓடியாடுகிறது என்பதை வைத்து அந்த மருந்து மனித இதயத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்டவே கூடாது. பக்கவிளைவுக் கேள்விக்கு இது கருவி அல்ல.

எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் பிடி-1 தடுப்பு மருந்துகளைச் சாதாரண பிடிஎக்ஸில் சோதிக்க முடியாது. தூண்டிவிட அங்கே யாருமில்லை. இதற்காக மனிதமயமாக்கிய எலிகள் உண்டு: கதிர்வீச்சுக் கொடுத்த என்எஸ்ஜி எலிக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த மூலச் செல்களைச் செலுத்தி, மூன்று மாதத்துக்கும் மேல் காத்திருந்து, எலி இரத்தத்தின் வெள்ளணுக்களில் கால்வாசியாவது மனிதருடையதாக ஆன பிறகு கட்டியை நடுவது. செலவு அதிகம். மூலச் செல் ஒருவருடையது, கட்டி இன்னொருவருடையது. கட்டி சுருங்கினால் மருந்தாலா, அல்லது அயலார் திசு என்று எதிர்ப்பு செல்கள் பாய்ந்ததாலா என்று பிரித்தறிய, மருந்தில்லாத மனிதமயக் குழு ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். முதிர்ந்த மனித வெள்ளணுக்களை நேரடியாகச் செலுத்துவது விரைவான குறுக்குவழி. ஆனால் சில வாரங்களில் அவை எலியையே தாக்கத் தொடங்கிவிடும்; சோதனைக்கு அந்தச் சில வாரம்தான் அவகாசம்.

தலைமுறை தலைமுறையாக எலியில் வாழும் கட்டி நோயாளியின் கட்டியிலிருந்து விலகிப்போகிறதா என்பதில் துறைக்குள்ளேயே சண்டை நடந்தது. 2017-இல் ஒரு பெரிய ஆய்வு, குரோமோசோம் பகுதிகளின் எண்ணிக்கை எலிக்கேற்ப மாறுகிறது என்றது. 2021-இல் அமெரிக்க, ஐரோப்பியக் கூட்டமைப்புகள் இணைந்து நடத்திய மற்றொரு பெரிய ஆய்வு, பெரும்பாலும் அப்படியே நிலைக்கிறது, முந்தைய முடிவில் அளக்கும் முறையின் பங்கும் இருந்தது என்றது. நடைமுறையில் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றுதான்: தொடக்கத் தலைமுறைகளையே நிறைய உறையவைத்து, சோதனைகளை அவற்றிலிருந்து தொடங்குவது. எலிக்கு எலி மாற்றிக்கொண்டே பத்து தலைமுறைக்கு மேல் போவதைத் தவிர்ப்பார்கள்.

நோயாளிக்கே அந்த விடை உதவுமா?

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எலி வளர்த்து, அதில் எந்த மருந்து பலித்ததோ அதை அவருக்குக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரும் நம்முடையதுதான், அவதார் எலி. யோசனை நன்றாக இருக்கிறது; நாட்காட்டி ஒத்துழைப்பதில்லை. கட்டி வேர்விட இரண்டு முதல் ஆறு மாதம், பெருக்க ஒன்றிரண்டு மாதம், மருந்து கொடுத்து அளக்க மேலும் ஒரு மாதம். வேர்விடாமலே போகும் வாய்ப்பும் உண்டு. பரவிய கணையப் புற்றுநோய் உள்ளவருக்கு அவ்வளவு காலம் பெரும்பாலும் இருக்காது.

ஆர்கனாய்டு அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2009-இல் குடலின் மூலச் செல்லிலிருந்து தட்டிலேயே முப்பரிமாணச் சிறு குடலுருவை வளர்த்தது. அதே வழியில் கட்டியையும் மேட்ரிஜெல் துளிக்குள் குட்டிக் குட்டி உருண்டைகளாக வளர்க்கலாம். சில வாரங்களில் தயார். 384 குழித் தட்டில் பல மருந்துகளை ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். 2018-இல் பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் ஆர்கனாய்டுகளை அவர்களின் சிகிச்சை முடிவோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஆர்கனாய்டு 'பலிக்காது' என்று சொன்ன மருந்து எதுவும் நோயாளியிடம் பலிக்கவில்லை. 'பலிக்கும்' என்று சொன்னவற்றில் 88 சதவீதம் பலித்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரத்த ஓட்டம் இல்லை, கல்லீரல் இல்லை என்பதால், மருந்து உடலுக்குள் போய் எப்படிச் சிதைகிறது, கட்டியை எவ்வளவு எட்டுகிறது என்பதை ஆர்கனாய்டு சொல்லாது. அதற்கு இன்னும் எலிதான் வேண்டும்.

இன்று பல ஆய்வகங்கள் கட்டித் துண்டு வந்த அன்றே அதை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு பாதி ஆர்கனாய்டுக்கு, ஒரு பாதி எலிக்கு. ஐம்பது மருந்துகளைத் தட்டில் சலித்து, தேறிய மூன்று நான்கை மட்டும் அதே நோயாளியின் பிடிஎக்ஸில் பார்க்கிறார்கள். அப்போது தேவைப்படும் எலிகளின் எண்ணிக்கையும் பலமடங்கு குறைகிறது.